எங்களுக்கு 21 தெரிந்தது

எங்கள் அம்மாவுக்கு நாங்கள் பெரியவனும் சின்னவனும். பெரியவன் சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் காலனிகளில் சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை என்று அலைகிறவன். சின்னவன் பத்தாவது முடித்த கையோடு வண்டி ஏறியவன். இங்கே வழக்கமாக எழுதுவது பெரியவன்தான். இந்த முறை நாங்கள் இருவரும் சேர்ந்து சொல்கிறோம். ஏனென்றால் இது எங்கள் இருவருக்கும் பொதுவாக வந்த ஒரே சொத்தைப் பற்றியது. எங்கள் கண்.

2022 ஜனவரி. வளைகுடா நாடு ஒன்றில் ஓட்டுநர் உரிமத்துக்கான கண் சோதனை அறை. சின்னவன் டிரைவர் விசாவில் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தூரத்துப் பலகையில் இருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டான். பிறகு மேஜை மேல் ஒரு சின்னப் புத்தகத்தைத் திறந்தார்கள். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறையப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண். முதல் பக்கத்தில் 12. சரியாகச் சொன்னான். அடுத்த பக்கத்தில் 3 என்றான். சோதிப்பவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பக்கத்தில் 70 என்றான், இன்னொன்றில் 21 என்றான். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

அன்று ராத்திரி போன் வந்தது. "அண்ணா, கண்ணு ஃபெயில்னு எழுதிட்டாங்க. ஆனா நம்பர் எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுதுண்ணா. நான் ஒண்ணும் மாத்திச் சொல்லல." அந்தப் பக்கங்களின் படத்தை இணையத்தில் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தான். பெரியவன் பார்த்தான். 21 தான் இருந்தது. சந்தேகமே இல்லை. உடனே பதில் போட்டான்: "நீ சரியாத்தான் சொல்லியிருக்க. அங்க ஏதோ பாகுபாடு நடக்குது. எழுதி வாங்கு, விடக்கூடாது."

மறுநாள் காலையில் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் தோழரிடம் அந்தப் படத்தைக் காட்டி நியாயம் கேட்டான் பெரியவன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார், "74 தானே?"

பக்கத்து மேஜைக்காரரும் 74 என்றார். டீ கொண்டுவந்த அக்காவும் 74 என்றார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, எம்.ஏ. பட்டத்தோடு, நாலு பேர் முன்னால் பெரியவனுக்குத் தெரியவந்தது: எங்கள் இருவருக்கும் உலகத்தின் சிவப்பும் பச்சையும் மற்றவர்களுக்குத் தெரிவதுபோலத் தெரிவதில்லை.

அந்தப் புத்தகத்தைச் செய்தவர் ஷினோபு இஷிஹாரா என்கிற ஜப்பானியக் கண் மருத்துவர். ஜப்பான் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்காக உருவாக்கியது, 1917-இல் உலகத்துக்காக அச்சானது. இன்றைக்கும் உலகம் பூராவும் அதே புள்ளிகள்தான். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் பக்கத்து 12 எல்லோருக்கும் தெரியும்படி வைத்தது. சோதனை புரிந்ததா, பொய் சொல்கிறானா என்று பார்ப்பதற்கு. அடுத்து வரும் சில பக்கங்களில் மற்றவர்களுக்கு ஓர் எண்ணும் எங்களைப் போன்றவர்களுக்கு வேறோர் எண்ணும் தெரியும். அவர்களுக்கு 8 என்றால் எங்களுக்கு 3. 29 என்றால் 70. 74 என்றால் 21. கண் ஒன்றையும் பார்க்காமல் விடுவதில்லை. பார்க்கிறது, வேறொன்றைப் பார்க்கிறது. அதனால்தான் இத்தனை வருஷம் எங்களுக்கே சந்தேகம் வரவில்லை.

இந்தியாவிலிருந்து புறப்படும் முன் எடுத்த மருத்துவச் சோதனையிலும் இதே புத்தகம் இருந்ததாம். வரிசையில் நூறு பேர். முதல் பக்கத்தை மட்டும் காட்டி, "12" என்று வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம். எல்லோருக்கும் தெரிகிற பக்கத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சோதனைக்கு எங்கள் வீடு கொடுத்த விலையைக் கீழே சொல்கிறோம்.

இது தாய் வழியில் வருகிறது. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, ஆண் பிள்ளைகளுக்கு வந்துவிடும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு இருக்கிறது, பெண்களில் அரை சதவீதம்தான். அணுக் கொள்கை சொன்ன ஜான் டால்டனுக்கு இருந்தது. 1794-இல் தன் கண்ணைப் பற்றி அவரே கட்டுரை வாசித்தார். ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க்குக்கு இருக்கிறது. தனக்கு நன்றாகத் தெரிவது நீலம்தான் என்று அவர் பேட்டி கொடுத்திருக்கிறார். ஃபேஸ்புக் நீலமாக இருப்பதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான். எத்தனையோ கூட்டங்களில் கொடி கட்டியிருக்கிறோம், நீலம் மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இளவயதில் ஓர் அரசு வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தேறி, மருத்துவச் சோதனையில் திரும்பி வந்தவர். காரணம் சொல்லவில்லை. "நம்ம சாதியைப் பாத்துட்டுத் தள்ளிட்டானுங்க" என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசினார்கள், நாங்களும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். பெரியவன் கல்லூரியில் எழுதிய முதல் கட்டுரையில்கூட மாமா கதை வந்தது. இப்போது யோசித்தால், மாமாவை நிறுத்தியது அவருடைய கண்ணாக இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை, அவர் இல்லை.

இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. சாதி என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எதிர்த்தரப்பு "எல்லாத்துக்கும் சாதியா?" என்று கேட்கும் காலம் இது. ஆனாலும் இளம் தோழர்களிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் புத்தகத்தில் சாதி இல்லை. எக்ஸ் குரோமோசோம் ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. சாதி எங்கே இருக்கிறது என்றால், கண்ணைச் சோதிக்கிற வேலை யாருக்குப் பிழைப்பாக விதிக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. லாரி ஓட்டுநர், கிரேன் ஆபரேட்டர், ஒயர்மேன், ரயில் எஞ்சின் ஓட்டுபவர், போலீஸ், ராணுவம். நிலம் இல்லாத வீட்டுப் பையன் பத்தாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்துவிட்டு ஏற நினைக்கும் படிகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் புத்தகம் உட்கார்ந்திருக்கிறது. பேராசிரியரிடம் யாரும் காட்டுவதில்லை. வக்கீலிடம் காட்டுவதில்லை. சமூகவியல் படிப்பில் சேர்ந்த அன்றும் முடித்த அன்றும் வேலைக்குச் சேர்ந்த அன்றும் பெரியவனிடம் யாரும் அதை நீட்டவில்லை. ஒரே தாய் வயிறு, ஒரே கண். ஒருவனுக்கு அது இருப்பதே தெரியாமல் போனது, இன்னொருவனுக்கு மூன்று வருஷப் பிழைப்பு போனது.

தெரியாமல் என்று சொன்னாலும் பழையதை நினைத்தால் எல்லாம் இப்போது புரிகிறது. சின்ன வயதில் மிளகாய்த் தோட்டத்துக் கூலிக்கு அம்மாவோடு போவோம். "பழத்தை மட்டும் பறிங்கடா" என்று சொன்னால் எங்கள் கூடையில் காயும் பழமும் கலந்து கிடக்கும். தோட்டக்காரர் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவார், அதுகளுக்கு வேலையில் எங்கே கவனம் என்று. அம்மா ராத்திரி எங்களை அடிப்பாள். பள்ளியில் மரத்துக்குப் பழுப்பு இலையும் பச்சைத் தண்டும் போட்டுச் சிரிப்பு வாங்கியிருக்கிறோம். கவனக்குறைவு, மக்கு என்று பெயர் வாங்கியதில் பாதி கண் வாங்கிக்கொடுத்தது. ஆனால் அந்தத் தோட்டக்காரருடைய பிள்ளைக்கு இதே கண் இருந்திருந்தால் அவனுக்கு மிளகாய் பறிக்கும் வேலையே வந்திருக்காது.

சின்னவன் ஏன் ஓட்டுநர் ஆனான் என்று கேட்கிறவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார், அதைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அப்போது பொன்னேரி வட்டமும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அதாவது அந்த அறிக்கை எங்கள் கொள்ளுத்தாத்தாக்களைப் பற்றியது. அந்த நிலம் எங்கள் கையில் இல்லை. எப்படிப் போனது என்பது தனிக்கதை, இங்கே நிறைய எழுதியாயிற்று. பிறகு தொழிற்பேட்டை வந்தது. தேர்வாய் கண்டிகையில் தலித் மக்கள் ஆடுமாடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் காடு சிப்காட்டுக்குப் போனது, மக்கள் போராடியும் நிற்கவில்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளுக்குள் எங்கள் பையன்களுக்குக் கிடைப்பது ஒப்பந்தக்காரர் வழியாக வரும் கூலி வேலை. அதையும் இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பையன்களைக் காட்டி இன்னும் குறைத்துப் பேசுகிறார்கள்.

இந்த நிலையில் ஹெவி லைசென்ஸ் என்பது காகிதம் இல்லை, நிலம் மாதிரி. எந்தக் கம்பெனியும் எந்த ஒப்பந்தக்காரரும் பிடுங்க முடியாதது. பையில் வைத்துக்கொண்டு எண்ணூரோ காட்டுப்பள்ளியோ சென்னையோ எங்கே வேண்டுமானாலும் போய் வண்டி கேட்கலாம். முன்பு போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது, 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் பாதியில் படிப்பை விட்ட பையன்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. ஸ்டியரிங் பிடித்தவன் யாருக்கும் குனிய வேண்டியதில்லை என்பது எங்கள் காலனியில் இருக்கிற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்குத் தெரியும். 1901-இல் சிறுவன் பீமராவையும் அண்ணனையும் ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரன், இரட்டை வாடகை வாங்கிக்கொண்டும் தீட்டென்று வண்டியை ஓட்ட மறுத்தான். பையன்களே ஓட்டினார்கள், அவன் கூட நடந்தான். 1929-இல் சாலிஸ்கானில், அவர் படித்துப் பட்டம் வாங்கி அரசுக் குழுவில் உறுப்பினராக வந்தபோதும், குதிரை வண்டிக்காரன் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தான். வண்டி ஓட்டியே பழக்கமில்லாத ஒரு மகர் ஆள் கடிவாளத்தைப் பிடித்தார், பாலத்தில் வண்டி கவிழ்ந்து அண்ணலின் கால் முறிந்தது. பயணியாகவும் இருக்க முடியாது, ஓட்டப் பழகவும் விடமாட்டார்கள் என்றிருந்த சாதியில் பிறந்து, நாற்பது அடி டிரெய்லரைத் துறைமுக வாசலில் ஒரே வெட்டில் ரிவர்ஸ் எடுக்கிறான் சின்னவன். அதை நாங்கள் பெருமையாகத்தான் நினைக்கிறோம்.

அவன் இங்கே எப்படி லைசென்ஸ் வாங்கினான்? ஊரில் எல்லோரும் வாங்குகிற மாதிரிதான். போக்குவரத்து வாகனத்துக்கு 1ஏ என்கிற படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரரே அதைக் கட்டாக வாங்கி வைத்திருந்தார். மருத்துவர் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. அப்போது அது நல்லதாகப் பட்டது. ஒழுங்காக ஒருவர் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்திருக்கும்.

எட்டு வருஷம் விபத்தில்லாமல் ஓட்டினான். சிக்னலை எப்படிப் பார்த்தாய் என்று கேட்டால் சிரிக்கிறான். "மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன், இதுல என்ன இருக்குது?" பச்சை விளக்கு அவனுக்குக் கொஞ்சம் வெளுத்த வெள்ளையாகத் தெரியும், சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் வரும். சிரமம் எங்கே என்பதையும் மறைக்கவில்லை. ராத்திரி தூரத்தில் ஒற்றை விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் அது மஞ்சளா சிவப்பா என்று தெரியாது. தெருவிளக்கு வரிசைக்கு நடுவே மஞ்சள் சிக்னல் தொலைந்துபோகும். அந்த இடங்களில் அவனாகவே வேகத்தைக் குறைக்கப் பழகியிருக்கிறான், காரணம் தெரியாமலேயே. எல்லா நிறக்குறைபாடும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்குச் சிவப்பு ஒளியே மங்கித் தெரியும், முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு அவர்களுக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். அவர்கள் எல்லோரும் கனரக வண்டி ஓட்டட்டும் என்று நாங்கள் வாதாடவில்லை. ரோட்டில் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் நம் ஆட்கள்தான். எவ்வளவு குறை, வண்டியோட்டும்போது அது என்ன செய்கிறது என்று பார்க்காமல், ஒரு பக்கத்தில் 21 என்று சொன்னதற்காகவே கணக்கை முடிப்பதைத்தான் தப்பு என்கிறோம்.

வெளிநாட்டில் நடந்த மீதிக் கதை எங்கள் ஆட்களில் நிறையப் பேருக்குப் பழகிய கதை. வளைகுடாவில் பெரும்பாலும் நம் ஊர் லைசென்ஸை வைத்து அங்கே வேலைக்கு ஓட்ட முடியாது. அங்கே பயிற்சிக்குக் கட்டி, சோதனை தேறி, அந்த நாட்டு உரிமம் வாங்க வேண்டும். கண் தேறாததால் பயிற்சிக்கே எடுக்கவில்லை. டிரைவர் விசாவில் வந்தவனைக் கிடங்கில் மூட்டை தூக்கப் போட்டார்கள், சம்பளம் பேசியதில் பாதி. பாஸ்போர்ட் கம்பெனி கையில். இங்கே ஏஜென்ட்டுக்குக் கொடுத்த 1,40,000 ரூபாய் வட்டிக்கு வாங்கியது, மாதா மாதம் அம்மாவிடம் ஆள் வந்து நின்றது. 14 மாதம் தாக்குப்பிடித்துவிட்டு 2023 மார்ச்சில் திரும்பினான். வந்த அன்று ராத்திரி சொன்ன ஒரே வார்த்தை, "மூட்டைய இங்கயே தூக்கியிருக்கலாம்."

அடுத்த மாதமே நாங்கள் இருவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனோம். 1819-இல் தொடங்கியது, உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. புறநகர் ரயிலில் போய், சீட்டு வாங்கி, அரை நாள் காத்திருந்தோம். பார்த்த மருத்துவர் இளைய பெண், பொறுமையானவர். அவசரப்படாமல் எல்லாப் பக்கமும் காட்டினார், வேறு சோதனைகளும் செய்தார். இருவருக்கும் ஒரே வகை, பச்சை சார்ந்தது, நடுத்தர அளவு. இது வளராது, குறையாது, மருந்தும் கிடையாது என்றார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று பெரியவனைக் கேட்டார். சொன்னான். "அப்ப உங்களுக்குக் கவலையில்ல" என்றுவிட்டுச் சின்னவன் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

அவர்தான் விதி மாறியதையும் சொன்னார். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1, 1ஏ படிவங்களைத் திருத்தி 2020 ஜூன் 24 அன்று ஒன்றிய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. லேசான, நடுத்தர அளவு நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் வாங்கலாம். கடுமையான குறைபாட்டுக்குத்தான் தடை. மருத்துவ நிபுணர்களைக் கேட்டுத்தான் மாற்றினார்கள், உலகத்தின் மற்ற நாடுகளிலும் இப்படி அனுமதிக்கிறார்கள் என்று அந்த அறிவிப்பே சொல்கிறது. சின்னவன் ஏஜென்ட்டிடம் பணம் கட்டும்போதே அந்த விதி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரருக்குத் தெரியவில்லை, ஏஜென்ட்டுக்குத் தெரியவில்லை. சட்டம் பேசித் திரிகிற பெரியவனுக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தேவைப்படாத சட்டம் அது.

மற்ற நாடுகள் என்று தேடிப் பார்த்தோம். பிரிட்டனில் நிறக்குருடு இருப்பதை உரிமம் தரும் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவே வேண்டாம், லாரி பஸ் ஓட்டுகிறவர்களும்கூட. கனடாவின் கியூபெக்கில் பல இடங்களில் சிக்னல் விளக்கையே வடிவத்தோடு வைத்திருக்கிறார்கள். சிவப்பு சதுரம், மஞ்சள் சாய்சதுரம், பச்சை வட்டம். கண்ணை மாற்ற முடியாது என்றால் விளக்கை மாற்றிவிடுவது. ஜப்பானில், அந்தப் புத்தகம் பிறந்த நாட்டிலேயே, உரிமத்துக்குக் கேட்பது சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதுதான். அதில் சின்னவன் தேறிவிடுவான் என்று நினைக்கிறோம். ஒரே மனிதன் ஒரு விமான நிலையத்தில் தகுதியுள்ள ஓட்டுநர், இன்னொன்றில் மூட்டை தூக்குபவன்.

நிறச் சோதனை எப்படித் தொடங்கியது என்பதும் சுவாரசியமான கதை. 1875-இல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியர் ஒருவருக்கு நிறக்குருடு இருந்திருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் கிளப்பி, ரயில்வேக்காரர்கள் எல்லோரையும் கம்பளி நூல் கண்டுகளை நிறம் பிரிக்கவைத்துச் சோதித்தார். அது உலகம் பூராவும் பரவியது. அந்த விபத்துக்கு உண்மையிலேயே கண்தான் காரணமா என்று பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். எங்களுக்கு இதைப் படித்ததும் கவரைப்பேட்டை ஞாபகம் வந்தது. 2024 அக்டோபர் 11 ராத்திரி, மைசூரு தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் நம் கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதே, அன்று பிரதான பாதைக்குப் பச்சை விளக்குதான் எரிந்தது. பச்சையை நம்பி வந்த ரயில் லூப் பாதைக்குள் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓட்டியவரின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. சோதிக்க எளிதாகக் கிடைப்பது தொழிலாளியின் உடம்பு என்பதால், பாதையை விட்டுவிட்டு அதையே முதலில் சோதிக்கிறார்கள் என்று பெரியவன் சொல்வான். அதற்காகக் கண்ணைச் சோதிக்க வேண்டாம் என்று ஆகாது என்பான் சின்னவன். இதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

சட்டத்தில் எங்களுக்கு இடம் எங்கே என்று பார்த்தால் இன்னும் விநோதம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நிறக்குருடு அதில் இல்லை. எங்களுக்கு 21 தெரிந்ததால் வேலை போனது, அந்த 21-க்குள் நாங்கள் இல்லாததால் பாதுகாப்பும் இல்லை. வேலைக்குப் போனால் உடம்பு சரியில்லை என்பார்கள், உடம்பு சரியில்லாதவர்களுக்கான சலுகை கேட்டால் உனக்கு ஒன்றுமில்லை என்பார்கள். இரண்டு பக்கமும் கதவடைத்த வாசலில் நிற்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. சேரியில் பிறந்து, சேரியில் அடிவாங்கி, தேவாலயத்துக்குப் போன ஒரே காரணத்தால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி இல்லை என்று சொல்லப்படுகிற நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நீதிமன்றம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரி நிறக்குருடு உள்ளவர்களைச் சில படிப்புகளில் சேர்க்காமல் இருந்ததை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஏற்கவில்லை. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்குத் தேர்வாகி, நிறப்பார்வையைக் காட்டி மறுக்கப்பட்டவரை வேலையில் சேர்க்கச் சொல்லி 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பட்டியலில் இல்லாத குறைபாடு என்பதற்காக நிர்வாகம் கைகழுவ முடியாது, அவருக்குத் தகுந்த பணியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2025 ஆகஸ்டில் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவர் வழக்கு. 2014-இல் சேர்ந்தவர், நிறக்குருடு என்று தெரிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மாற்று வேலை கொடுக்காமல் அனுப்பியது தவறு என்றது உச்ச நீதிமன்றம். அவருக்குக் கைகொடுத்தது 1979-இல் தொழிற்சங்கம் போட்ட ஓர் ஒப்பந்தம், நிறக்குருடு வந்த ஓட்டுநருக்கு மாற்று வேலை உண்டு என்று அதில் எழுதியிருந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு சங்கக்காரர் மேஜையில் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்திருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு அப்படி மேஜையும் இல்லை, வரியும் இல்லை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையனை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும்.

இப்போது நாங்கள் ஒரு சின்ன வேலை செய்கிறோம். ஓட்டுநர் வேலைக்கு, ஐ.டி.ஐ.க்கு, போலீஸ் தேர்வுக்கு, வெளிநாட்டுக்கு என்று கிளம்பும் பையன்களிடம் எங்கள் கதையைச் சொல்லி, முதலில் அரசு மருத்துவமனையில் நிறப்பார்வை பார்த்துவிட்டு வரச்சொல்கிறோம். போனில் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், திரையில் நிறம் மாறும். வெளிநாடு என்றால் ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். எங்களிடம் வாங்கியதை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் உரிமத்துக்கு என்ன கண் சோதனை என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். இதுவரை வந்த பையன்களில் ஒருவனுக்கு இருப்பது தெரிந்தது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் எடுக்க இருந்தவன், ஃபிட்டருக்கு மாறிக்கொண்டான். அவன் அப்பா எங்களிடம் சண்டைக்கு வந்தார், எதற்குத் தெரியவைத்தீர்கள் என்று. அதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

சின்னவன் 2024-இல் லைசென்ஸைப் புதுப்பித்தான். இந்த முறை மருத்துவர் நேரில் பார்த்து, எழும்பூர் சான்றிதழைப் படித்து, நடுத்தரம் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். காட்டுப்பள்ளி கன்டெய்னர் வண்டிதான் ஓட்டுகிறான். கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ராத்திரி ஓட்டம் குறைவாக எடுக்கிறான், அதில் வரும் படிக்காசும் குறைகிறது. அம்மாவுக்கு எழும்பூர் மருத்துவர் சொன்னது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. "என்கிட்ட இருந்துதானே வந்துச்சு" என்று மிளகாய்க்கு அடித்ததையெல்லாம் இப்போது எடுத்து அழுகிறாள்.

எங்கள் அக்காவுக்கு ஒரு பையன், ஆறு வயது. அக்காவுக்கு அம்மாவிடமிருந்து அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வந்திருந்தால் அவனுக்குப் போயிருக்கவும் பாதிக்குப் பாதி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போகச் சொல்லி அடம்பிடிப்பான். எஞ்சின் டிரைவர் ஜன்னல் வழியே கையசைத்தால் அன்றைக்குப் பூராவும் அதே பேச்சு. என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் ரயில் ஓட்டுவேன் என்கிறான். அவனை எழும்பூருக்குக் கூட்டிப்போவதா என்று அக்கா எங்களைக் கேட்டாள். பெரியவன் இப்போதே போகலாம் என்றான். சின்னவன், "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்றான்.